பட்டியலில் ஆப் இருக்கிறது, வேலை மட்டும் ஆகவில்லை: எந்த வகை இணைப்பு என்று எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். பட்டறைகளில் செய்து வாங்கி வெளியூர் நகைக்கடைகளுக்கு அனுப்புகிறோம். விசாரணை மூன்று பக்கமிருந்து வருகிறது: இந்தியாமார்ட், எங்கள் வெப்சைட்டில் இருக்கும் கூகுள் ஃபார்ம், அப்புறம் நேராக வாட்ஸ்அப். முன்பணம் ரேசர்பே லிங்கில் வாங்குகிறோம். பில் டேலிபிரைம் என்ற கணக்கு மென்பொருளில்.

கடைப் பையன் ஒருவர் நாள் முழுக்க ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் அடித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளி விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பதில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் கேட்டவர் அடுத்த கடையில் பேசி முடித்திருப்பார்.

கோடிங் இல்லாமலே இவற்றைக் கோத்துவிடலாம் என்கிறார்களே என்று ஆப்களை ஒன்றோடொன்று இணைக்கும் தளங்களான ஜேப்பியர், மேக், என்8என் மூன்றையும் திறந்து பார்த்தேன். தலை சுற்றுகிறது. ஒரு ஆப்புக்குப் பக்கத்தில் பிரீமியம் என்று இருக்கிறது, இன்னொன்றில் பீட்டா, வேறு இடத்தில் கம்யூனிட்டி, சில ட்ரிகருக்கு மட்டும் இன்ஸ்டன்ட். எங்களுக்கு வேண்டிய ஆப் ஒன்று பட்டியலில் இருந்தது. சேர்த்துவிட்டுப் பார்த்தால் நான் தேடிய வேலை மட்டும் அதில் இல்லை. எந்தத் தளத்தில் ஆப் எண்ணிக்கை அதிகமோ அதையே வாங்கிவிடலாமா?

லீபஜார்_மண்டி

ஜேப்பியர்தான். ஆப் அதிகம். இதற்கு எதற்கு ஆராய்ச்சி?

அஸ்தம்பட்டி_டெவ்

மண்டிக்காரரே, ஆப் இருந்தும் வேலை ஆகவில்லை என்பதுதானே அவர் பிரச்சினை. எண்ணிக்கையை விடுங்கள்.

கொலுசு அண்ணா, ஏபிஐ என்பது ஒரு மென்பொருளோடு வேறு மென்பொருள் பேசுவதற்கான வாசல். அது பல வேலைகளைச் செய்யும். அதில் சிலவற்றை மட்டும் யாரோ பொத்தானாகச் செய்து தளத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்குத்தான் அங்கே ஆப் என்று பெயர். ஐம்பது வேலை தெரிந்த மென்பொருளுக்கு மூன்றே பொத்தான் இருக்கலாம். அதனால் லோகோவைப் பார்க்காமல் உள்ளே போய் ட்ரிகர், ஆக்‌ஷன், தேடல் மூன்று பட்டியலையும் வாசியுங்கள். ட்ரிகர் வேலையைத் தொடங்கி வைக்கும். ஆக்‌ஷன் எதையாவது எழுதும், அனுப்பும். தேடலைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உங்களுக்கு அது ரொம்ப முக்கியம். ஒரே நகைக்கடை இந்தியாமார்ட்டிலும் கேட்கும், ஃபார்மிலும் கேட்கும். விசாரணைகளைச் சேர்க்கும் கூகுள் ஷீட்டில் போன் எண்ணை வைத்துத் தேடிவிட்டு, இல்லையென்றால் மட்டும் புது வரி சேர்க்க வேண்டும். தேடல் இல்லாவிட்டால் ஒரே கடைக்கு இரண்டு கேட்லாக், இரண்டு விதமான விலைகூடப் போய்விடும்.

அடுத்து, கட்டியது யார் என்று பாருங்கள். ஜேப்பியரில் பெரும்பாலான ஆப்களை அந்தந்த மென்பொருள் கம்பெனியே கட்டித் தருகிறது. பீட்டா என்றால் வெளிவந்து அதிக நாள் ஆகவில்லை. பிரீமியம் என்பது தரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. காசு கட்டும் திட்டத்தில்தான் திறக்கும், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டிலும் ஸ்டாண்டர்டு, பிரீமியம் என்று இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். கம்யூனிட்டி என்றால் தளமும் கட்டவில்லை, ஆப் கம்பெனியும் கட்டவில்லை, மூன்றாவது ஆள் கட்டியது. ஆப் தன் ஏபிஐயை மாற்றினால் இதைச் சரிசெய்ய வேண்டியது அந்த மூன்றாவது ஆள்தான். அவருக்கு நேரம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஃபில்டர், ஃபார்மேட்டர், டிலே போன்றவையும் அதே பட்டியலில் கலந்து கிடக்கும். அவை தளத்தின் சொந்தக் கருவிகள், வெளியே எதையும் இணைக்காது. ஆப் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அவற்றைக் கழித்துவிடுங்கள்.

மலைமேல்_வீடு

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இன்ஸ்டன்ட் என்று போட்டிருப்பதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள் தம்பி.

மே மாதம் கோடை விழா சமயத்தில் எங்கள் ஊரில் அறைக்கு அடிதடி. இரண்டு புக்கிங் தளங்களில் போட்டிருக்கிறோம். இரண்டும் ஐகால் என்ற காலண்டர் லிங்க் வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கேட்டால் இணைத்தாகிவிட்டது என்பார்கள். ஆனால் அறை போனதும் ஒரு தளம் மற்றதற்குத் தகவல் சொல்வதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்தவரின் காலண்டர் கோப்பை எடுத்துப் படிக்கும், அவ்வளவுதான். நடுவில் உள்ள நேரத்தில் ஒரே அறையை இரண்டு குடும்பம் பிடித்துவிடலாம். கூகுள் காலண்டரில் அந்த லிங்க்கைச் சேர்த்தால் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ராத்திரியில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவரிடம் காலண்டர் புதுப்பிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? விழா வாரத்தில் ஒரு தளத்தை மூடியே வைத்துவிடுகிறேன்.

அஸ்தம்பட்டி_டெவ்

அக்கா சொன்னதுதான் மற்ற எல்லா வித்தியாசத்தையும் விடப் பெரியது. பாலிங் என்றால் தளம் குறிப்பிட்ட இடைவெளியில் போய், புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கும். வெப்ஹுக் என்றால் நடந்த உடனே அந்த ஆப்பே தகவலைத் தளத்தின் முகவரிக்குத் தள்ளிவிடும். வாசலை எட்டி எட்டிப் பார்ப்பதற்கும் அழைப்பு மணிக்கும் உள்ள வித்தியாசம். இன்ஸ்டன்ட் குறி இருக்கும் ட்ரிகர் இரண்டாவது வகை.

பாலிங் மெதுவானது மட்டுமல்ல, சில தளங்களில் செலவும் வைக்கும். மேக்கில் பாலிங் ட்ரிகர் ஒவ்வொரு தடவை போய்ப் பார்க்கும்போதும், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், ஒரு கிரெடிட் போகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் நாளைக்கு 96, முப்பது நாளில் 2,880. இலவசத் திட்டத்தில் கிடைப்பது மாதம் 1,000. ஒரு விசாரணைகூட வராமலே பத்து, பதினோரு நாளில் தீர்ந்துவிடும். ஜேப்பியரில் போய்ப் பார்ப்பதற்குக் கணக்கில்லை, ஆக்‌ஷன் நடந்தால்தான் டாஸ்க் (அவர்கள் கணக்கு வைக்கும் அலகு) போகும். ஃபில்டருக்கும் ஃபார்மேட்டருக்கும் டாஸ்க் போகாது. ஆனால் இலவசத் திட்டத்தில் பார்ப்பதே 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான், டாஸ்க்கும் மாதம் 100தான்.

இந்தியாமார்ட்டில் இரண்டு வழியும் இருக்கிறது. இழுக்கும் ஏபிஐயை 5 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. தள்ளும் ஏபிஐயில் நீங்கள் கொடுத்த வெப்ஹுக் முகவரிக்கு விசாரணை தானாக வந்து விழும். உங்கள் தொழிலுக்கு இரண்டாவது.

கூகுள் ஃபார்மை ஷீட்டோடு சேர்க்க எந்தத் தளமும் வேண்டாம். ஃபார்முக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. ஆப்பே தன்னுள் வைத்திருக்கும் இணைப்பு எப்போதும் முதல் தேர்வு. நடுவில் ஆள் இல்லை, மாதக் கட்டணம் இல்லை.

லீபஜார்_மண்டி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நமக்கு வேண்டிய ஆப் ஒரு தளத்தில் இல்லவே இல்லை என்றால்? அப்போது எண்ணிக்கை முக்கியம்தானே?

அஸ்தம்பட்டி_டெவ்

அங்கேயும் வழி உண்டு. எல்லாத் தளத்திலும் பொதுவான வெப்ஹுக், எச்டிடிபி என்று இரண்டு கருவி இருக்கும். முதலாவது ஒரு முகவரியைக் கொடுத்து வருவதை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது நாம் சொல்லும் முகவரிக்குப் போய்க் கேட்கும், கொடுக்கும். எதிர் ஆப்புக்கு ஏபிஐ ஆவணமும் ஒரு சாவியும் இருந்தால் போதும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை. ஜேப்பியரில் இந்த வெப்ஹுக் கருவி காசுத் திட்டத்தில்தான். மேக்கிலும் என்8என்னிலும் ஆரம்பத்திலிருந்தே கையில் இருக்கும்.

கொலுசு அண்ணாவின் முதல் பிரச்சினைக்கும் பதில் இதில்தான். மேக்கில் பல ஆப்களின் மாட்யூல் (அங்கே பொத்தானுக்கு அதுதான் பெயர்) பட்டியலை அடிவரை தள்ளிப் பாருங்கள். பொதுவாக ஏபிஐயை அழைக்கும் மாட்யூல் ஒன்று இருக்கும். லாகின் ஏற்கெனவே ஆகியிருக்கும், எந்த வேலை வேண்டும் என்பதை மட்டும் நாம் எழுத வேண்டும். பொத்தான் இல்லாத வேலை அங்கே நடக்கும்.

ஆத்தூர்_ஜவ்வரிசி

ஆவணத்தைப் படித்து எச்டிடிபி எழுத வேண்டும் என்றால் அது நோ-கோடா? விளம்பரத்தில் இழுத்து விடுங்கள், முடிந்தது என்கிறார்கள்.

எங்கள் வாங்குபவர்கள் மகாராஷ்டிராவிலும் வங்காளத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏபிஐ என்றால் முழிப்பார்கள். ஆர்டர் வருவது மின்னஞ்சலில், அதுவும் ஆளுக்கொரு மாதிரி. நான் மின்னஞ்சலையே இணைப்பாக வைத்துக்கொண்டேன். மேக்கில் மெயில்ஹுக் என்று தனி மெயில் முகவரி ஒன்று கிடைக்கும், அதற்கு வரும் கடிதம் உடனே வேலையைத் தொடங்கும். ஜேப்பியரில் ஈமெயில் பார்சர் உண்டு. மூட்டை எண்ணிக்கை, ரகம், லாரி போக வேண்டிய ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டினால் பிடித்துக்கொள்ளும். வாங்குபவர் கடிதத்தின் வடிவத்தை மாற்றினால் ஏமாறும். அதனால் எண்ணிக்கை காலியாக வந்தால் என் போனுக்கு ஒரு செய்தி வரும்படி ஃபில்டர் போட்டிருக்கிறேன். அழகான ஏற்பாடு இல்லை. ஓடுகிறது.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

இப்போது கொஞ்சம் புரிகிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, டேலி. எந்தத் தளத்தில் தேடினாலும் சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டு, வாட்ஸ்அப்புக்கு என்8என்னில் ஒரு கம்யூனிட்டி நோடு (அங்கே இணைப்புக்கு அப்படிப் பெயர்) பார்த்தேன். க்யூஆர் ஸ்கேன் செய்தால் இப்போது கடையில் இருக்கும் எண்ணிலேயே தானாக அனுப்புமாம், செய்திக்குக் காசும் இல்லையாம். போட்டுவிடலாமா?

கொண்டலாம்பட்டி_கணக்கர்

டேலிக்கு நான் சொல்கிறேன், தினமும் அதில்தான் குடியிருக்கிறேன்.

டேலிபிரைம் உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது. அதை சர்வராக அமைத்தால் 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் கேட்டு வாங்கும், கொடுக்கும். ரசீது, வவுச்சர், லெட்ஜர் எல்லாம் அந்த வழியில் உள்ளே போகும். சிக்கல் என்னவென்றால் அந்த வாசல் கடைக்குள் மட்டும்தான் திறந்திருக்கிறது. ஜேப்பியரும் மேக்கும் வெளியூர் சர்வரில் ஓடுபவை. உங்கள் ரவுட்டரைத் தாண்டி அவை உள்ளே வர முடியாது. அதனால்தான் பட்டியலில் தேடியும் சரியாக அமையவில்லை. நடுவில் ஒரு சின்ன மென்பொருளைக் கடைக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவார்கள். அது வெளியிலிருந்து வாங்கி உள்ளே டேலிக்குக் கொடுக்கும். சந்தா கட்ட வேண்டும், டேலியும் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அந்த போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கணக்குப் புத்தகத்தை நடுரோட்டில் விரித்து வைப்பதுதான் அது.

என்னைக் கேட்டால் இதைத் தானியங்கி ஆக்கவே வேண்டாம். 4.0 பதிப்பிலிருந்து டேலிபிரைம் எக்செல் கோப்பை நேராக வாங்கிக்கொள்ளும். ரேசர்பே வரவு ஷீட்டில் சேரட்டும். சாயங்காலம் கணக்கர் ஒரு பார்வை பார்த்து, லெட்ஜர் பெயர் சரியா என்று ஒப்பிட்டு, இறக்குமதி செய்யட்டும். ஜிஎஸ்டி சம்பந்தப்பட்டது, மனிதக் கண் ஒன்று நடுவில் இருப்பது நல்லது.

லீபஜார்_மண்டி

மவுஸை நகர்த்தி டேலியில் தானாக அடிக்கும் ரோபோ இருக்கிறதே? விண்டோஸில் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் இலவசமாக வருகிறது.

கொண்டலாம்பட்டி_கணக்கர்

வரும். திரையில் திடீரென்று ஒரு அறிவிப்புப் பெட்டி குதித்தால் அதற்குள் தொகையை அடித்துவிட்டுப் போகும். ஏபிஐயும் இல்லை, கோப்பு இறக்குமதியும் இல்லை என்ற நிலையில் கடைசியாகத் தொட வேண்டிய வகை அது. டேலிக்கு அந்த நிலைமை இல்லை.

அஸ்தம்பட்டி_டெவ்

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். அந்தக் க்யூஆர் வகை நோடு வாட்ஸ்அப் வெப் போல நடித்து உள்ளே போகிறது. வாட்ஸ்அப் அதை அனுமதிப்பதில்லை, எண்ணையே முடக்கலாம். பத்து வருடமாக வாங்குபவர்கள் போனில் பதிந்து வைத்திருக்கும் எண்ணை அதில் வைத்துச் சோதிக்காதீர்கள். கம்யூனிட்டி நோடு பற்றிப் பொதுவாக இன்னொன்று. அது உங்கள் சர்வரில் ஓடும் அந்நியர் எழுதிய நிரல். நீங்கள் அதற்குக் கொடுக்கும் சாவி, அதன் வழியாகப் போகும் தகவல் எல்லாம் அதன் கண்ணில் படும். யார் எழுதியது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்காமல் போடக் கூடாது.

நேர் வழி வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ. மேக்கிலும் என்8என்னிலும் அதற்கு இணைப்பு இருக்கிறது. தனி எண் வாங்கிக்கொண்டால் குழப்பம் குறைவு. வாங்குபவர் முதலில் செய்தி அனுப்பினால் 24 மணி நேரத்துக்கு நீங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம். அதற்கு வெளியே, அல்லது நீங்களே முதலில் பேசுவதென்றால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது மாதிரிச் செய்திதான் போகும். 2025 ஜூலையிலிருந்து உரையாடலுக்கு என்று இல்லாமல் செய்திக்கு என்று கட்டணம். கேட்லாக் அனுப்புவது மார்க்கெட்டிங் வகையில் சேரும், அதற்கு வாங்குபவரின் சம்மதமும் வேண்டும். அதனால் ஃபார்மில் வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பலாமா என்று ஒரு டிக் பெட்டி வையுங்கள்.

மலைமேல்_வீடு

இந்த இடத்தில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். விருந்தினர் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, தளம் வழியாக டிரைவில் போட ஒருவர் எனக்கு அமைத்துத் தந்தார். அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டத்தின் வரலாற்றிலும் அந்தப் படத்துக்கான லிங்க் கிடக்கிறது. தளத்தின் லாகின் தெரிந்த யாரும் திறக்கலாம். எடுத்துவிட்டேன். அடையாள அட்டையை வரும்போது நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

குகை_மாணவர்

எல்லாரும் காசு, டாஸ்க் என்று பேசுகிறீர்கள். என்8என்னை நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டால் மாதக் கட்டணமே இல்லையே? டேலியும் அதே நெட்வொர்க்கில் இருப்பதால் 9000க்கு நேராகப் பேசலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அஸ்தம்பட்டி_டெவ்

தம்பி, டேலி பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்தியாமார்ட்டும் ரேசர்பேயும் தள்ளும் வெப்ஹுக் அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர ஒரு பொது முகவரி வேண்டும். வீட்டு, கடை பிராட்பேண்டில் அது பெரும்பாலும் கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வர டனல் என்ற வழி போட வேண்டும், அல்லது வெளியே ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும். ராத்திரி கடையை மூடும்போது யாராவது மெயினை அணைத்தால் எல்லாம் நின்றுவிடும்.

இன்னொரு பள்ளம் கூகுள் லாகின். ஜேப்பியரில் ஷீட்டை இணைக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஏனென்றால் கூகுளிடம் சரிபார்ப்பு வாங்கிய ஆப் அவர்களுடையது. சொந்தமாக நிறுவிய என்8என்னில் அந்த ஆப்பை நீங்களே கூகுள் கிளவுடில் உருவாக்க வேண்டும். அதை டெஸ்டிங் நிலையிலேயே விட்டுவிட்டால் லாகினை நினைவில் வைத்திருக்கும் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். சரியாக வாரத்துக்கு ஒருமுறை ஷீட் எழுதுவது நின்று போகிறது, பேய் பிடித்துவிட்டது என்று இங்கே எழுதும் பாதிப் பேருக்குக் காரணம் அதுதான். புரொடக்‌ஷன் நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

குகை_மாணவர்

அப்படியென்றால் தளமே வேண்டாம், கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நாமே சின்ன நிரல் எழுதிவிடலாம். இலவசம், கூகுள் சர்வரிலேயே ஓடும், வெப்ஹுக்கும் வாங்கும்.

அஸ்தம்பட்டி_டெவ்

சின்ன வேலைக்கு எனக்கும் அது பிடிக்கும். ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அது பெரிய தடையில்லை. தடை வேறு இடத்தில். ரேசர்பே தன் வெப்ஹுக்கோடு ஒரு கையொப்பத்தை ஹெடரில், அதாவது தகவலின் மேலுறை போன்ற பகுதியில், வைத்து அனுப்பும். வந்தது உண்மையிலேயே அவர்களிடமிருந்துதானா என்று அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வெப் ஆப்பில் ஹெடரைப் படிக்கவே முடியாது. முகவரி தெரிந்த யாரும் பணம் வந்துவிட்டது என்று பொய்த் தகவல் அனுப்பலாம். விசாரணைக்குப் பரவாயில்லை. முன்பணம் வந்தது என்று நம்பி வெள்ளியை லாரி ஏற்றுகிறவருக்கு அது ஆகாது.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

ரொம்ப நன்றிங்க. நான் எழுதி வைத்திருப்பது இது. ஃபார்முக்கும் ஷீட்டுக்கும் கூகுளின் சொந்த இணைப்பு. இந்தியாமார்ட்டுக்குத் தள்ளும் ஏபிஐ, மேக்கின் வெப்ஹுக்கில் வாங்கி, போன் எண்ணைத் தேடிவிட்டுச் சேர்ப்பது. வாட்ஸ்அப்புக்கு ஏபிஐ, புது எண், இரண்டு டெம்ப்ளேட். ரேசர்பே வெப்ஹுக் கையொப்பச் சரிபார்ப்போடு. டேலிக்கு எக்செல், சாயங்காலம் கணக்கர் கையால். கம்யூனிட்டி எதுவும் இல்லை.

கேட்க மறந்தது ஒன்று: கரண்டு போவது போல மேக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் அந்த நேரத்தில் வந்த பணத்தகவல் தொலைந்துபோகுமா?

அஸ்தம்பட்டி_டெவ்

தொலையாது. பதில் கிடைக்காவிட்டால் ரேசர்பே 24 மணி நேரம் வரை இடைவெளி விட்டு விட்டு மறுபடி அனுப்பும். அதற்குப் பிறகும் தோல்வி என்றால் அந்த வெப்ஹுக்கையே நிறுத்திவிடும், நீங்கள் டாஷ்போர்டில் போய்த் திறக்க வேண்டும். மறுபடி அனுப்புவதில் இன்னொரு பக்கமும் உண்டு: ஒரே வரவு இரண்டு முறை வந்து விழலாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஹெடரில் ஒரு ஈவென்ட் ஐடி இருக்கும், மறுபடி வந்தாலும் அது மாறாது. ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கி, எழுதும் முன் அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேக் வெப்ஹுக்கில் ஹெடரை வாங்கும் விருப்பம் தனியாக இருக்கிறது, அமைப்பில் அதை இயக்கினால்தான் ஐடியும் கையொப்பமும் கண்ணில் படும்.

கொண்டலாம்பட்டி_கணக்கர்

அந்த ஐடி பத்தியை ஷீட்டின் கடைசியில் வையுங்கள், டேலி இறக்குமதிக்கு அது தேவையில்லை. அப்புறம் கடைப் பையனிடம் சொல்லிவிடுங்கள்: ஷீட்டின் நடுவில் வரி செருகக் கூடாது, தேதிவாரியாக மாற்றி அடுக்கவும் கூடாது. பார்வைக்கு வேண்டுமானால் வேறொரு தாளில் எடுத்துக்கொள்ளட்டும்.